சட்டிக்குச் சாட்சி எதுக்கு, மருமவனே?

மருமவனே, நேத்து ராத்திரி என் மவ போன்ல "என்ன சாப்பிடுதீக?"ன்னு கேட்டதுக்கு, "தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன்"னு சொன்னே பாத்தியா, அதைத் திண்ணையில உக்காந்திருந்த நானும் கேட்டேன். அவ எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவா, தெருவுக்கே கேக்கும். தோசைக்கல்லு சத்தம் எனக்குத் தெரியாதா? மாவு விழுந்ததும் ‘சொர்’ருன்னு ஒரு இழுப்பு இழுக்கும், அப்புறம் வாயத் தொறக்காது. எனக்குக் கேட்டது அது இல்ல. படபட படபடன்னு விடாம ஒரு பொரிச்சல். ஈரம் துடைக்காத நெத்திலிக் கருவாட்டைக் காஞ்ச எண்ணெயில கொட்டுனாத்தான் அப்படிக் கேக்கும்.

பதறாத. அவகிட்ட நான் மூச்சு விடல. தப்புச் செய்யாதேன்னு சொல்ல உனக்கு அப்பன் இருக்காரு. செய்யுததை ஒழுங்காச் செய்யின்னு சொல்லத்தான் தாய்மாமன்.

ஒழுங்காச் செஞ்சியா நீ? போன்ல ஆட்டோ ஆரன் அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சுன்னா, அடுப்பங்கரைச் சன்னலு தொறந்து கெடந்துச்சுன்னு அர்த்தம். கருவாடு வறுக்குதவன் செய்யுத மொத மடத்தனமே அதுதான். வாடை வெளிய போயிரும்னு நெனைக்கான். போகும், எங்க போகும்? நேரா மேல் வீட்டுக்குப் போகும். மேல் வீட்டுக்காரரு மூக்கைச் சுருக்கிக்கிட்டு செகரட்டரிக்குப் போன் போடுவாரு. செகரட்டரி வாட்சப் குரூப்புல, "யாரோ எதையோ எரிக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்தவும்"னு எழுதுவாரு. அந்தக் குரூப்புல என் மவளும் இருக்கா, மறந்துட்டியா? நம்ம ஊர்ல கருவாட்டு வாடை வந்தா, "எந்த வீட்டுல, போயி ஒரு கை வாங்கிட்டு வா"ன்னு பிள்ளையை அனுப்புவாக. நீ குடியிருக்குத வேளச்சேரியில அடுக்குமாடிக்கு அசோசியேசன் போட்டு மூக்குக்குக் காவல் வச்சிருக்கான்.

வாடையை விரட்டக் கூடாது, கட்டிப் போடணும். காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்குத நம்ம சின்னவன்கிட்ட இதைக் கேட்டேன். மீனு செத்த பெறவு அதுல ட்ரைமெத்திலமைன்னு ஒண்ணு உண்டாகுதாம், அந்த வாடைக்கு அதுதான் மூலகாரணமாம். புளிப்பு பட்டா அது உப்பா மாறி அடங்கிப் போயிரும், காத்துல பறக்காதுன்னான். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்லிட்ட மாதிரி என் மூஞ்சியப் பாக்கான். உங்க ஆச்சி மீனைப் புளித்தண்ணியில அலசுனது எந்தக் காலேஜுல படிச்சுலேன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போயிட்டான்.

இனிமேலாவது கேட்டுக்கோ. நெத்திலிக்குத் தலையைக் கிள்ளி, வயித்தைப் பிதுக்கி, கை பொறுக்குத சுடுதண்ணியில கொஞ்ச நேரம் போடு. கடக்கரை மணல்ல காஞ்ச சரக்கா இருந்தா மணலெல்லாம் அடியில போயித் தங்கும். அப்ப தண்ணியைச் சாய்ச்சு ஊத்தாத, மணலும் கூடவே கெளம்பி வந்து கருவாட்டுல ஒட்டிக்கிடும். மேலாப்புல கையால அள்ளி அடுத்த தண்ணிக்கு மாத்தணும். பல்லுல நறநறன்னு படாத வரைக்கும் இப்படியே மாத்து. கடைசி அலசலு புளித்தண்ணியில. பெறவு ஒரு பழைய துணியில ஒத்தி எடுத்துட்டுத்தான் எண்ணெய்க்குக் கொண்டு போவணும், இல்லேன்னா நேத்து மாதிரி போன்ல காட்டிக் குடுத்திரும். உள்ளி கருவாட்டுக்கு ரெண்டு பங்கு. சோம்பேறித்தனத்துல பல்லாரியை வெட்டிப் போட்டியோ, இனிச்சுக் கெடந்து உயிரை வாங்கும். உப்பு மட்டும் போட்டுராத. கடல்ல இருந்து வரும்போதே கொண்டுக்கிட்டுத்தான் வந்திருக்கு.

அதுக்குச் சோடி பழையதுதான், சுடுசோறு இல்ல. நீ குக்கர்ல பொங்குத சோறு பழையதுக்கு லாயக்குப்படாது, தண்ணி ஊத்தி வச்சா காலையில கூழாக் கெடக்கும். ஒரு நாளைக்காவது வடிச்சுப் பாரு. ராத்திரி தண்ணி ஊத்தி வச்ச சோத்துல விடியுதுக்குள்ள நல்ல கிருமி பெருகுதாம். அது கொடலுக்கு என்ன நல்லது செய்யுதுன்னு உங்க சென்னையில ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர்மாரே ஆராய்ச்சியில எறங்குனாகன்னு பேப்பர்ல போட்டிருந்தான். அதுல இருந்து பெரிய ஓட்டல்காரனும் பழையதை மண்சட்டியில ஊத்தி, மேல ஒரு கறிவேப்பிலையை மெதக்க விட்டு, பிரியாணி வெலைக்கு விக்கான். அங்கன போயித் தின்னவன் ஒருத்தன் எங்கிட்டப் பெருமையடிச்சான். பழையதுக்கு ஜிஎஸ்டி கட்டுன மொத பரம்பரை நம்ம பரம்பரைதான்னு சொல்லி அனுப்பிச்சேன்.

சரி, உனக்குள்ள ஒரு உறுத்தல் இருக்கும். தனியா உக்காந்து திங்குதது பாவம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருப்பாக. வள்ளுவரும் விடல. ஈகை அதிகாரத்துல 229-வது குறளைப் போயிப் பாரு. சேத்து வச்சதைத் தான் மட்டும் தனியாத் திங்குதது பிச்சை எடுக்கதை விடக் கேவலம்னு அடிச்சுச் சொல்லிட்டாரு. புறநானூத்துல 182-வது பாட்டும் அதே கட்சிதான். இந்திரனோட அமிழ்தமே கைக்கு வந்தாலும் தனியாத் திங்காத ஆளுக இருக்கதாலதான் உலகம் நிக்குதுங்கு. பாடுனவரு கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. நம்ம பாண்டிய ராசா. பேருலயே இருக்கு, கடலுக்குள்ள போனவரு. நெத்திலி இருக்குத எடத்துக்கே போயிச் சேந்த மனுசன், பாவம், அது கரையேறிக் காஞ்ச பெறவு எப்படி இருக்கும்னு யாரும் காட்டலையோ என்னவோ. காட்டியிருந்தா அமிழ்தத்தை ஊருக்குப் பங்கு வச்சிட்டு, கருவாட்டைப் பத்தி ஒரு வார்த்தையும் பேசாம இருந்திருப்பாரு.

ஆனா நல்லா யோசிச்சுப் பாரு. பெரியவுக சொன்னது அடுத்தவன் ஆசைப்படுத சாப்பாட்டைப் பத்தி. அடுத்தவன் மூக்கைப் பொத்துத சாப்பாட்டைப் பத்தி ஒரு சட்டமும் இல்ல. என் மவளுக்கு மசக்கையில கருவாட்டு வாடை ஆகாமப் போச்சு, பிள்ளைக்குப் பல்லு விழுந்து முளைக்குத வயசாகியும் அது மாறல. பகுத்துண்ணுதேன்னு சொல்லி அவ தட்டுல ரெண்டு நெத்திலியை வச்சுப் பாரேன். ஈகையா அது? அடிதடி. அப்படியும் மனசு கேக்கலையா, உங்க வாச்மேன் சங்கரன்கோவில் பக்கத்து ஆளுன்னு சொன்னியே, ஒரு டப்பாவுல பாதியைப் போட்டு அவருகிட்டக் குடு. வள்ளுவர் கணக்கும் நேராகும், வாச்மேன் வாயும் அடைஞ்சிரும்.

அது என்ன, ஆளு இல்லாத நேரம் பாத்து இந்த ஆசையெல்லாம் வருதுன்னு கேக்கலாம். வீட்டுக் குழம்புங்கது பஞ்சாயத்துத் தீர்ப்பு. யாருக்கும் முழுத் திருப்தி கெடையாது, யாரும் துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போகவும் முடியாது. உனக்கு உறைப்பு வேணும், என் பேரனுக்கு ஆகாது. அவளுக்குக் கத்திரிக்காய்னா உசுரு, உனக்குப் பேரைச் சொன்னாலே அரிக்கும். உங்கம்மா வந்தா தேங்காய் அரைச்சு ஊத்தணும், உங்கப்பா வந்தா தேங்காய் ஆகாது. இத்தனை வழக்குக்கும் பதில் சொல்லி எறக்குத குழம்புல ஒருத்தன் நாக்காவது முழுசா இருக்குமா? நாக்கு தன் சொந்தப் பேச்சைப் பேசணும்னா வீட்டுல வேற நாக்கு இருக்கக் கூடாது.

பொண்ணு குடுக்குதவன் மாப்பிள்ளைக்கு என்ன வேலை, என்ன சம்பளம், குடிப்பானா, எங்க எடம் வாங்கிப் போட்டிருக்கான்னு ஊரெல்லாம் விசாரிக்கான். தனியா விட்டா என்னத்த ஆக்கித் திம்பான்னு ஒருத்தனும் விசாரிக்கது இல்ல. உன்னை நான் விசாரிக்க வேண்டிய அவசியமே வரல. கால்சட்டையில இங்கன லீவுக்கு வருவே. கறி எடுத்த நாள்ல எல்லாரும் பந்தியில உக்காந்திருக்க, நீ மட்டும் அடுப்பங்கரையில உங்க ஆச்சி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பே. எதுக்கு? சட்டிச்சோத்துக்கு.

இப்பவும் சட்டிச்சோறு தெரியாதவன் சமையல் புஸ்தகம் எழுதுதான், மருமவனே. கறி வதக்கி எறக்குன சட்டியில, அடியிலயும் ஓரத்துலயும் மசாலா கருகியும் கருகாம ஒட்டிக் கெடக்கும். மேல லேசா எண்ணெய் மெதக்கும், ஒரு வெந்த பூண்டு ஒளிஞ்சு கெடக்கும். அதுல சுடுசோறு ரெண்டு கை போட்டு, வெரலை மடக்கி ஓரத்துல இருந்து அடிவரைக்கும் தேச்சுத் தேச்சுக் கொண்டாரணும். சோறு செவக்கும். எங்கயோ ஒரு எடத்துல மட்டும் செவக்காம வெள்ளையா நிக்கும். அந்த வெள்ளையையும் சேத்துப் பிசைஞ்சு எடுத்தா, சட்டி கழுவுன மாதிரி ஆயிரும். இதைத் தட்டுக்கு மாத்துனா செத்துப் போயிரும். சட்டியில இருந்தே திங்கணும், அதுவும் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தரையில சம்மணம் போட்டு. நல்லி எலும்பு இருந்தா ‘டொக்கு டொக்கு’ன்னு தட்டி உள்ள இருக்கதை உறிஞ்சணும். மாமியா வீட்டு டைனிங் டேபிள்ல அதைச் செய்ய முடியுமா? நான் உன் மாமனாருங்கதை ஒரு நிமிசம் மறந்துட்டுப் பதில் சொல்லு.

ஆளைப் பாத்து ஏமாறாத. நம்ம தெருவுல ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரு ஒருத்தரு இருக்காரு. கல்யாண வீட்டுல இட்லியை ஸ்பூனால கீறிக் கீறித் திம்பாரு. சம்சாரம் கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை பாத்து ஒரு கையெழுத்துக்காக நான் உள்ள நுழைஞ்சேன். தட்டுல மூணு இட்லி, மேல நல்லெண்ணெய், அதுக்கு மேல அஸ்கா. வெரலை நக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு, ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை தோத்துப் போகும். சர்க்கரை நோய் இல்லையான்னு கேட்டேன். "வீட்டுல ஆளு இருந்தா இருக்கு"ன்னாரு. கையெழுத்து ஒடனே கெடைச்சுது, அட்டஸ்டேசன் பீசு கூட வாங்கல. இன்னொருத்தரு, பஸ் கம்பெனி மொதலாளி, தயிர்சோத்துல மிக்சரைக் கொட்டிப் பிசைவாரு. மொறுமொறுப்பு போகதுக்குள்ள முடிக்கணும்னு போனை ஆப் பண்ணிட்டு உக்காருவாரு. அந்த நேரத்துல எத்தனை பஸ்ஸு பஞ்சராச்சோ.

உங்க செட்டு ஆளுகளுக்கு மேகி. 1983-ல இந்தியாவுக்கு வந்தது, அன்னைக்குப் பொறந்தவனுக்கெல்லாம் இப்ப தலை நரைச்சாச்சு. 2015 ஜூன்ல காரீயம் கூடுதலா இருக்குன்னு சொல்லி நாடு முழுக்க நிறுத்துனாங்க. பெறவு பம்பாய் ஐகோர்ட்டு தடையைத் தள்ளி, மறுபடி சோதிக்கச் சொல்லி, நவம்பர்ல திரும்பி வந்துச்சு. அந்த இடைப்பட்ட காலத்துல உன் தம்பி இங்கன வந்து கெடந்தானே, ஞாபகம் இருக்கா? பண்டிகைக்கு வந்தவன் மூஞ்சியா அது! ரெண்டு நிமிசத்துல ஆகும்னு அட்டையில போட்டிருக்கதை நம்பி இதுவரைக்கும் எவனும் ரெண்டு நிமிசத்துல சாப்பிட்டு முடிச்சதாத் தெரியல. ஆனா சமாச்சாரம் அது இல்ல. நாலு பேரு பாக்க அதையே கேரட்டு, பட்டாணி, கொடமொளகாய்னு அலங்காரம் செஞ்சு தட்டுல வப்பான். தனியா இருக்கும்போது மொத நாள் மீன் கொழம்பை ஊத்திக் கெளறுதான், ஒரு முட்டையையும் அதுல ஒடைச்சு விடுதான். அது நூடுல்ஸும் இல்ல, கொழம்பும் இல்ல. ஜப்பான்காரன் பாத்தா அழுவான், நம்ம மணப்பாட்டுக்காரன் பாத்தாலும் அழுவான். இவன் மட்டும் சிரிச்சுக்கிட்டுத் திம்பான்.

இப்ப நீ செய்ய வேண்டிய அவசர வேலைக்கு வருவோம். என் மவ வருததுக்குள்ள தடயத்தை அழிக்கணும் பாரு. நீ நேரா ஊதுபத்தியைக் கொளுத்துவே. கொளுத்தாத! ஆம்பளை இருக்குத வீட்டுல, நல்ல நாள் பெரிய நாள் இல்லாம ஊதுபத்தி மணத்தா, அங்கன ஒரு குத்தம் நடந்திருக்குன்னு எந்தப் பொம்பளைக்கும் தெரியும். வெறுஞ்சட்டியில கொஞ்சம் காப்பித்தூளை வறு, வீடு தன்னால காப்பி வீடா மாறிரும். கெடைக்கலேன்னா எலுமிச்சந்தோலைக் கொதிக்க விடு. நெத்திலித் தலையைப் பூனைக்குப் போடாத. பூனை நன்றி உள்ள சீவன். அவ ஊர்ல இருந்து வந்து எறங்கும்போது வாசல்ல வரவேற்க நிக்கும். எண்ணெய்ப் பாட்டில்ல எவ்வளவு இருந்துச்சுன்னு அவ மனசுல கோடு போட்டு வச்சிருப்பா, அதனால கருவாடு குடிச்ச அளவுக்கு ஊத்தி வையி. எல்லாத்தையும் விட முக்கியம், சட்டியைப் பளபளன்னு தேய்க்காத. நீ எந்தக் காலத்துல சட்டியைத் தேச்சே? அடிப்பக்கம் கொஞ்சம் கரி இருக்கட்டும். அவ வந்து, "இதைக் கூட ஒழுங்காக் கழுவத் தெரியலையா"ன்னு நாலு ஏச்சு ஏசட்டும். ஏசுதவ மோப்பம் பிடிக்க மாட்டா.

இவ்வளவும் செஞ்சாலும் அவளுக்குத் தெரிஞ்சிரும், அது வேற. தெரிஞ்சும் கேக்காம இருப்பா. ஏன் கேக்காம இருப்பாங்கதுதான் உனக்குத் தெரியாது. அதைத்தான் இப்பச் சொல்லப் போறேன், கிட்ட வா.

ஆம்பளை தனியா இருந்தா அடுப்பைப் பத்த வப்பான். பொம்பளை தனியா இருந்தா அடுப்பை அணைப்பா. நீ ஒரு கரண்டி நெத்திலிக்கு எட்டு ஏனத்தைப் பொரட்டிப் போட்டுட்டு, சமைச்சுட்டேன்னு வாச்மேன் வரைக்கும் சொல்லுவே. அவளுக்கு விருந்துன்னாலே அன்னைக்கு ஒண்ணும் ஆக்காம இருக்கதுதான். 2019-ல சர்க்காரு நாடு பூரா ஒரு கணக்கு எடுத்துச்சு, யாரு எதுக்கு எவ்வளவு நேரம் செலவழிக்காகன்னு. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பொம்பளை ஒரு நாளைக்கு 299 நிமிசம், ஆம்பளை 97 நிமிசம். 97-ஆன்னு நானும் மூக்குல வெரலை வச்சேன். பெறவுதான் பாத்தா, அன்னைக்கு ஏதாவது வேலை செஞ்சேன்னு சொன்ன ஆம்பளைகளை மட்டும் வச்சுப் போட்ட சராசரியாம் அது. துரும்பை அசைக்காதவன் அதுல சேத்தியே இல்ல. என்னை மாதிரி ஆளுகளோட மானத்தை அந்தச் சர்க்காரு காப்பாத்திருச்சு.

கீழத்தெரு டீச்சரம்மா, வீட்டுக்காரரு மதுரைக்குப் போயிட்டாருன்னா மத்தியானச் சாப்பாடு என்ன தெரியுமா? ரெண்டு கொய்யாக்காய், அதுக்கு உப்பும் வத்தப்பொடியும், கையில ஒரு வாரப் பத்திரிகை. அவ்வளவுதான். கால நீட்டி, செவுத்துல சாஞ்சு, காயை நறுக்காம அப்படியே கடிச்சுக்கிட்டு இருப்பா. இன்னொருத்தி டீயில வர்க்கியை முக்கித் தின்னுட்டு மூணு மணி வரைக்கும் தூங்குவா. இதையெல்லாம் பாத்துட்டு, ஐயோ பாவம் பட்டினி கெடக்காளேன்னு நீ பிரியாணியை ஆர்டர் போட்டு அனுப்பி வைக்காத. பையன் வந்து பெல்லை அடிப்பான், அவ எந்திரிக்கணும், கதவைத் தொறக்கணும், தட்டு எடுக்கணும், எலும்பைக் கொட்டணும். தின்னு முடிச்சதும் நீ வேற போன் போட்டு, நல்லா இருந்துச்சான்னு கேப்பே.

என் மவளுக்கும் ஒரு சங்கதி இருக்கு. நேத்து நீ போனை வைக்க அவசரப்பட்டியே, அவளும் அவசரப்பட்டா, கவனிச்சியா? சரி சரி, பிள்ளை முழிச்சுக்கிட்டான்னு சொல்லி டக்குன்னு வச்சாளே. பிள்ளை என் பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்தான். உனக்கு அங்கன நெத்திலி கருகுது, அவளுக்கு இங்கன வெண்ணெய் உருகுது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திட்டதா நெனைச்சுக்கிட்டுப் போனை வச்சீக. பொருத்தம் பாத்துத்தான் கட்டி வச்சிருக்கேன்.

உங்க அத்தை பக்கத்து வீட்டுல சீரியல் பாக்கப் போயிட்டா. என் மவ, வந்த நாள்ல இருந்து எருமைத் தயிரைக் கடைஞ்சு வெண்ணெய் சேத்து வச்சிருந்தா. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டப்போ பசிக்கலேன்னுட்டா. நான் திண்ணையில தூங்குத மாதிரி கெடந்தேன், சன்னல் வழியா அடுப்பு தெரியும். வெண்ணெய் உருகும்போது சடசடன்னு ஒரே பேச்சா இருக்கும், தண்ணி வத்துதுன்னு அர்த்தம். அந்தப் பேச்சு எப்ப நிக்குதோ அப்பத்தான் நெய் பதம். நின்னதும் உருவி வச்சிருந்த ஒரு கை முருங்கைக்கீரையைப் போட்டா. அது ஒரு தரம் சீறிட்டு மொறுமொறுன்னு ஆயிரும். நெய்யை மெல்ல வடிச்சுப் பாட்டில்ல ஊத்திட்டா. அந்தப் பாட்டிலு உனக்கு, ஊருக்குப் போகும்போது கொண்டாருவா. சட்டியில மிச்சம் என்ன? அடியில காப்பிக் கலர்ல மணல் மணலா ஒரு கசடு, கூட அந்த மொறுத்த கீரை. அதுல ஒரு அகப்பை சுடுசோறு, ரெண்டு கல்லு உப்பு. பெரட்டி, கையாலயே உருண்டை பிடிச்சு, அடுப்புத் திண்டுல சாஞ்சு நின்னுக்கிட்டே தின்னா. நாலு உருண்டை இருக்கும். நடுவுல ஒரு தரம் வாசலைத் திரும்பிப் பாத்தா. நான் குறட்டையைக் கொஞ்சம் கூட்டி விட்டேன்.

உங்க வீட்டுல நெய்யி பாட்டில்ல கடையில இருந்து வருது. கசடு எங்க இருந்து வரும்? ஒருவேளை அவ சொல்லியிருப்பா. "அதையெல்லாம் எறியத்தானே செய்வாங்க"ன்னு நீ சிரிச்சிருப்பே. அன்னைக்கே வாயை மூடியிருப்பா. சிரிச்சியா இல்லையான்னு நீ எங்கிட்டச் சொல்ல வேண்டாம்.

இதைக் கேட்டதும் உனக்குப் பாசம் பொங்கும், எனக்குத் தெரியும். அவ வந்ததும், "வெண்ணெய் வாங்கியாறேன், உருக்கு, ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவோம்"னு மட்டும் சொல்லித் தொலைக்காத. நாலு உருண்டையில உனக்கு மூணைக் குடுத்துட்டு நிப்பா, அவ வளந்த வளப்பு அப்படி. பெறவு அதுவும் பஞ்சாயத்துக்குப் போயிரும். உனக்கு உப்பு பத்தல, பேரனுக்குக் கீரை வேண்டாம், அது ஒரு வீட்டுச் சமையலாப் போயிரும். நல்ல வெண்ணெயா ஒரு கிலோ வாங்கு. முருங்கைக்கீரை கட்டு ஒண்ணு வாங்கு. ரெண்டையும் அடுப்பங்கரையில வச்சிட்டு, எதுக்குன்னு சொல்லாம, பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிரு. பொழுது அடையாம வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்காத. திரும்பி வந்ததும் வீட்டுல நெய் மணக்கும். என்ன மணம்னு கேக்காத. அவ உன்னைக் கருவாட்டுக்குக் கேட்டாளா?

இவ்வளவு யோசனை சொன்ன மாமனுக்கு நீ ஒரு உபகாரம் செய்யணும். எனக்குப் பிரசர்னு டாக்டரு எழுதிக் குடுத்த அன்னைக்கே உங்க அத்தை கருவாட்டுப் பானையை எடத்தை மாத்திட்டா. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு நாளைக்கு அஞ்சு கிராம் உப்புக்குள்ளதான்னு சொல்லியிருக்காம். எங்கிட்டச் சொன்னாப் பரவாயில்ல, உங்க அத்தைகிட்டப் போயி எவனோ சொல்லியிருக்கான். அவ அதை ரசத்துல இருந்து மோரு வரைக்கும் சொட்டுக் கணக்குல நிறைவேத்துதா. ஆனா பானை எங்க இருக்குன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். நெல்லுக் குதிருக்குப் பின்னால. அதுல சீலாக் கருவாடு பாளம் பாளமா ரெண்டு கெடக்கு. சும்மா மோந்து பாத்துட்டு மூடிட்டேன். ஒரு துண்டத்தை சுடுதண்ணியில நாலு தடவை அலசி உப்பை எடுத்துட்டு, ரெண்டு பிஞ்சுக் கத்திரிக்காய், ஒரு துண்டு மாங்காய் போட்டு, மண்சட்டியில புளிக்கொழம்பாக் கூட்டி எறக்கி வச்சு, மறுநாள் கம்மஞ்சோத்துல ஊத்துனா எப்படி இருக்கும்னு ஒரு கற்பனைதான். கற்பனைக்குப் பிரசர் ஏறாதுன்னு நெனைக்கேன்.

அதனால, என் மவளையும் பேரனையும் கூட்டிட்டுப் போக நீ வருவேல்ல, வரும்போது சும்மா வராத. "அத்தை, மெட்ராஸ்ல ஒரு மாசம் வந்து இருங்க, பிள்ளை உங்களைத் தேடுதான், கபாலி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு உருக்கமாச் சொல்லு. கண்ணுல கொஞ்சம் தண்ணி வந்தா நல்லது. அவ, "உங்க மாமா சாப்பாட்டுக்கு என்ன செய்வாக, அவுகளுக்குச் சுடுதண்ணி வைக்கக் கூடத் தெரியாதே"ம்பா. நீ ஒடனே என்னைப் பாத்துராத, சிரிச்சிருவே. நான் செவுத்தைப் பாத்துக்கிட்டு, "என்னைப் பத்தி யாரும் கவலைப்பட வேண்டாம், ஏதோ கெடைக்குததைத் தின்னுட்டுக் கெடப்பேன்"னு பரிதாபமா ஒரு வார்த்தை சொல்லுவேன். அது என் பொறுப்பு. முத்துநகர்ல கோவில்பட்டியில இருந்து டிக்கெட் போட்டுரு, அத்தைக்கு லோயர் பெர்த்தா இருக்கட்டும், முழங்கால் வலிக்காரி. திரும்பி வருத டிக்கெட்டை நான் போன்ல சொல்லும்போது போட்டாப் போதும்.